ஆளில்லாப் போர் விமானம்: உருவாக்குவதா, வாங்குவதா, காத்திருப்பதா?

2024 அக்டோபர் 5 அன்று, கிழக்கு உக்ரைனில் உள்ள கொஸ்தியந்தினிவ்கா நகரத்தின் மேல் இரண்டு வெண்புகைக் கோடுகள் தெரிந்தன. பின்னால் வந்த விமானம் ஏவுகணையை விட, முன்னால் சென்றது தீப்பிடித்துச் சிதறி விழுந்தது. சிதிலங்களைப் பார்த்தவர்கள் அதை எஸ்-70 ஓகோத்னிக் என்று அடையாளம் கண்டார்கள். ரஷ்யா பெருமையுடன் காட்டி வந்த ஆளில்லாப் போர் விமானம் அது. சுட்டதும் ரஷ்யப் போர் விமானமேதான். கட்டுப்பாட்டை விட்டு விலகிப் போன விமானம் எதிரியின் கையில் முழுதாகச் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக அதன் சொந்தப் படையே அதை வீழ்த்தியது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம்.

ஆளில்லாப் போர் விமானங்களை நம்பாதவர்களுக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆயினும் ஐயப்படுவது எளிது. அடுத்த பத்தாண்டுக்கான மூலதன நிதியைப் பங்கிட வேண்டிய நாளில் ஐயத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பில் கையெழுத்திட முடியாது. வல்லரசாக இல்லாத, ஆனால் தன் வான்வெளியைத் தானே காக்க வேண்டிய ஒரு விமானப்படைக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. ஆளுள்ள போர் விமானங்களிலேயே பணத்தைப் போடுவது ஒன்று. நடுத்தர உயரத்தில் ஒரு நாள் முழுக்க வட்டமிட்டுக் கண்காணிக்கவும் தாக்கவும் வல்ல பெரிய ட்ரோன்களைப் பெறுவது இன்னொன்று. ரேடாருக்கு எளிதில் சிக்காத, ஜெட் இயந்திரம் பூட்டிய ஆளில்லாப் போர் விமானத்தைத் தனித்தோ ஆளுள்ள விமானத்தின் துணையாகவோ உருவாக்குவது மூன்றாவது. திரும்பி வரவேண்டிய தேவையே இல்லாத மலிவான ட்ரோன்களை ஆயிரக்கணக்கில் செய்வது நான்காவது.

இவற்றை ஒப்பிட வேகம், உயரம், சுமை, பறக்கும் நேரம் ஆகிய எண்களையே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவை விற்பனைக் கையேட்டிலேயே அச்சாகி வருபவை. கையேட்டில் விடை கிடைக்காத இரண்டு கேள்விகளையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். தரையோடு உள்ள தொடர்பு அறுந்தால் அந்த விமானம் என்ன செய்யும்? அதை இழந்துவிட்டால் எத்தனை நாளில், எவ்வளவு செலவில் அதன் இடத்தை நிரப்ப முடியும்?

ஐயப்படுபவர்களின் பழைய கணக்கையும் முதலில் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். 1957-இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஆளுள்ள போர் விமானங்களின் வேலையை ஏவுகணைகள் எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பல விமானத் திட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விமானி தன் இருக்கையில்தான் இருக்கிறார். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளைத் தாக்குவதற்கென 1960-களில் வாங்கிய டாஷ் என்ற ஆளில்லா ஹெலிகாப்டர்கள் 700-க்கும் மேல். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தொலைந்துபோயின. அமெரிக்கத் தரைப்படையின் அக்விலா திட்டம் 100 கோடி டாலருக்கு மேல் விழுங்கியபின், 105 சோதனைப் பறப்புகளில் ஏழில் மட்டுமே கேட்டதைச் செய்துகாட்டியது. பீரங்கிக்கு இலக்கைக் காட்டும் எளிய சிறு விமானமாகத் தொடங்கிய அதன்மேல், இரவுப் பார்வை, லேசர் குறிகாட்டி, அலைமறிப்பைத் தாங்கும் பாதுகாப்பான தொடர்பு என ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனதுதான் அதன் கதை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1982-இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியாவின் ஏவுகணைத் தளங்களை இஸ்ரேல் ஏறக்குறைய ஒரே நாளில் துடைத்தெறிந்ததில், முன்கூட்டியே அந்தத் தளங்களைப் படம்பிடித்தனுப்பிய ஸ்கௌட், மாஸ்டிஃப் என்ற சிறு ஆளில்லா விமானங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1991-இல் குவைத்தின் ஃபைலகா தீவில் இராக்கியப் படைவீரர்கள், புல்வெட்டும் இயந்திரம்போல் இரைந்தபடி தலைக்குமேல் சுற்றிய பயனியர் என்ற அமெரிக்க ஆளில்லா விமானத்தைப் பார்த்து வெள்ளைத் துணிகளை ஆட்டிச் சரணடைந்தார்கள். அடுத்துப் போர்க்கப்பலின் குண்டுகள் வந்து விழும் என்பது அந்த இரைச்சலின் பொருள் என்று அவர்கள் கற்றிருந்தார்கள். ஆகவே ஆளில்லா விமானம் பயன்படாது என்பவர்கள் 1982-லேயே தோற்றுவிட்டார்கள். ஆளுள்ள விமானத்துக்கு விடைகொடுத்துவிடலாம் என்பவர்களோ 1957 முதல் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த இரட்டைத் தோல்விக்குக் காரணம், விமானியை இறக்கிவிட்டால் எது மிச்சமாகிறது என்பதைப் பற்றிய தப்பான கணக்கு. மிச்சமாவது ஓர் இருக்கை, அதை வெளியே எறியும் கருவி, உயிர்வாயு ஏற்பாடு, கண்ணாடிக் கூண்டு ஆகியவைதான். விமானியோ மறைவதில்லை, தரையில் ஓர் அறைக்குக் குடிபெயர்கிறார், அதுவும் தனியாக அல்ல. அமெரிக்காவின் பிரிடேட்டர், ரீப்பர் ஆகிய ஆளில்லா விமான வகைகளில் ஓர் இடத்தின்மேல் 24 மணி நேரமும் ஒரு விமானம் இருக்க வேண்டுமானால் நான்கு விமானங்களும், ஓட்டுபவர், கேமராவை இயக்குபவர், படத்தைப் பகுத்துப் பார்ப்பவர், பழுது நீக்குபவர் என 150-க்கும் மேற்பட்ட ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஆளில்லா விமானம் என்ற பெயரை வைத்தவர் ஆள் எண்ணும் வேலையைப் பார்த்ததில்லை போலும்.

அந்த அறைக்கும் விமானத்துக்கும் நடுவில் இருப்பது செயற்கைக்கோள் வழியே போய்வரும் ஓர் இழை. நெவாடாவில் கைப்பிடியை அசைத்தால், ஆப்கானிஸ்தானின் மேல் இறக்கை அசைவது திரையில் தெரிய ஒரு நொடிக்கும் மேலாகும். பறந்துகொண்டிருக்கும்போது அந்தத் தாமதம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஓடுதளத்தைத் தொடும் கடைசி நொடிகளில் பொறுக்க முடியாது. அதனால் ஏற்றவும் இறக்கவும் மட்டும் போர்க்களத்துக்கு அருகே தனிக் குழுவை வைத்து, நேரடி ரேடியோ தொடர்பில் வேலையை முடித்துக்கொண்டார்கள். வான்போரில் எதிரி முன்னால் இருக்கும்போது அந்த ஒரு நொடிக்குத் தீர்வு கிடையாது. இழை அறுபடாமல் இருந்தபோதும் அது பாதுகாப்பாக இருந்ததில்லை: பிரிடேட்டர் அனுப்பிய படங்கள் மறையாக்கம் செய்யப்படாமல் போனதால், 26 டாலர் விலையுள்ள ஒரு மென்பொருளைக் கொண்டு இராக்கியக் கிளர்ச்சியாளர்கள் அவற்றைத் தங்கள் கணினிகளில் பார்த்துக்கொண்டிருந்தது 2009-இல் வெளிவந்தது.

இழை அறுபடாமலும் களவுபோகாமலும் இருந்தாலும்கூட, மறுமுனையில் இருப்பவர் காண்பது கதவின் சாவித்துளை வழியே ஒரு தெருவைப் பார்ப்பது போன்றதுதான். 2010 பிப்ரவரி 21 அன்று ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் மூன்று வாகனங்களைப் பல மணி நேரம் பின்தொடர்ந்த பிரிடேட்டர் குழு, அவற்றில் இருப்பவர்கள் போராளிகளே என்ற முடிவுக்குச் சாய்ந்தபடியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஹெலிகாப்டர்கள் சுட்டதில் 23 பேர் வரை இறந்தார்கள், அனைவரும் பொதுமக்கள். அந்தக் குழுவின் அறிக்கைகள் துல்லியமற்றவையாகவும் தொழில்முறைக்குப் பொருந்தாதவையாகவும் இருந்தன என்று அமெரிக்கப் படையின் விசாரணையே சொன்னது. அதிக நேரம் பார்க்க முடிவதும் சரியாகப் பார்ப்பதும் வேறு வேறு என்பது, பறக்கும் நேரத்தை மட்டும் ஒப்பிடும் அட்டவணையில் தெரியாமல் போகிறது.

இனி வழிகளுக்கு வருகிறேன். ஆளுள்ள போர் விமானத்தைத் தொடர்வதில் முதல் கேள்விக்கு விடை தெளிவு. ரேடியோ செத்தாலும், செயற்கைக்கோள் வழிகாட்டி குழம்பினாலும் முடிவெடுப்பவர் விமானத்துக்குள்ளேயே இருக்கிறார். இரண்டாவது கேள்விதான் இந்த வழியின் வலி. விமானத்தின் விலை ஒருபுறம் இருக்க, பல ஆண்டுப் பயிற்சி பெற்ற விமானியை ஈடுகட்ட அவசரக் கொள்முதல் எதுவும் உதவாது. அரசியல் விலை அதைவிடக் கனமானது. 1960 மே 1 அன்று சோவியத் வான்வெளியில் யு-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டு விமானி கேரி பவர்ஸ் உயிருடன் பிடிபட்டபோது, அந்த மாதமே பாரிஸில் நடக்கவிருந்த உச்சி மாநாடு கலைந்துபோனது. 2019 ஜூன் 20 அன்று ஹோர்முஸ் நீரிணையின் மேல் குளோபல் ஹாக் வகை ஆளில்லா விமானத்தை ஈரான் வீழ்த்தியபோது போனது 10 கோடி டாலருக்கு மேல் பெறுமானமுள்ள இயந்திரம். பதிலடியாகத் திட்டமிட்ட தாக்குதலை அமெரிக்க அதிபர் கடைசி நேரத்தில் நிறுத்தினார். ஆள் இல்லாததால் ஒரு போர் தவிர்க்கப்பட்டது என்று இதைப் படிக்கலாம். ஆள் இல்லாததால்தான் சுடுபவனுக்குக் கை கூசவில்லை என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகையால் எல்லையோரக் கண்காணிப்புக்கு ஆளில்லா விமானத்தை அனுப்பும் அரசு, அதை இழப்பதற்கும் மனத்தளவில் தயாராக இருந்தே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வழியான நடுத்தர உயர ட்ரோன்களின் புகழ், எதிர்ப்பில்லாத வானில் வளர்ந்த புகழ். 2020-இல் நாகோர்னோ-கராபாக்கில் நடந்த 44 நாள் போரில் அசர்பைஜானின் பைரக்தார் டிபி2 விமானங்கள், பழைய தலைமுறை வான்பாதுகாப்பை வைத்திருந்த ஆர்மீனியப் படைகளின் பீரங்கிகளையும் டாங்கிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அழித்தன. 2022-இல் உக்ரைனிலும் முதல் வாரங்களில் அதே வகை பெரிய பெயர் வாங்கியது. ரஷ்யா தன் வான்பாதுகாப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டபின் முன்வரிசையில் அதற்கு இடமில்லாமல் போனது. 650 கிலோ எடையுடன் மெதுவாக வட்டமிடும் ஒன்றுக்கு அங்கே வேறு கதி இருந்திருக்க முடியாது. இன்னும் பெரிய ரீப்பரின் நிலையும் வேறல்ல. ஏறத்தாழ 3 கோடி டாலர் விலையும் 20 மீட்டர் இறக்கை அகலமும் கொண்ட அந்த விமானங்களில் ஏழு, 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுமார் ஆறு வாரத்துக்குள் ஏமனின் ஹூதிகளிடம் பறிபோயின. இவ்வளவுக்கும் ஹூதிகள் ஒரு நாட்டின் முழுமையான விமானப்படையைக் கொண்டவர்கள்கூட இல்லை. 2023 மார்ச் 14 அன்று கருங்கடலின் மேல் ஒரு ரீப்பரை வீழ்த்த ஏவுகணைகூடத் தேவைப்படவில்லை. ரஷ்யாவின் சு-27 விமானம் எரிபொருளை அதன்மேல் கொட்டி, உரசி, சுழல்விசிறியை உடைத்ததே போதுமாயிற்று.

ஆனாலும் இந்த வகையை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். பரந்த கடல்பரப்பைக் காப்பதற்கும், எதிர்ப்பற்ற எல்லைப் பகுதியில் இரவு முழுக்க விழித்திருப்பதற்கும் ஆளுள்ள விமானத்தால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. கேள்வி, இதைச் சொந்தமாக உருவாக்க வேண்டுமா என்பதுதான். இந்தியாவின் தபஸ் திட்டத்துக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. 2016-இல் அது முதலில் பறந்தது. 1,800 கிலோவாகத் திட்டமிட்ட எடை 2,850 கிலோவாக ஏறியது. படைகள் கேட்டது 30,000 அடி உயரமும் 24 மணி நேரமும். சோதனையில் எட்டியது 28,000 அடியும் 18 மணி நேரமும். 2024 தொடக்கத்தில் அது முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டது; அதே ஆண்டு அக்டோபரில் ரீப்பர் குடும்பத்தைச் சேர்ந்த 31 எம்.க்யூ-9பி விமானங்களை வாங்க அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டன் 2005-இல் ஒப்பந்தமிட்ட வாட்ச்கீப்பர், முழுப் பயன்பாட்டுக்கு வர 2018 ஆனது. 2024 நவம்பரில் அதற்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியோ யூரோ ஹாக் திட்டத்தில் 50 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்தபின், பயணிகள் விமானங்கள் பறக்கும் வான்வெளியில் மோதலைத் தவிர்க்கும் ஏற்பாட்டுக்கான சான்றிதழ் கிடைக்காது என்று கண்டு 2013-இல் கைவிட்டது. பறக்கத் தெரிந்த விமானம், பறக்க அனுமதி கிடைக்காமல் நின்றுபோன கதை அது.

இம்மூன்றிலும் பொறியாளர்களின் திறமையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தேவையைத் தீர்மானித்த ஆண்டுக்கும் விமானம் கைக்கு வந்த ஆண்டுக்கும் இடையில் போர்க்களம் மாறிவிடுகிறது. அந்த இடைவெளி பத்தாண்டைத் தாண்டும்போது வெற்றிகரமாக முடிந்த திட்டமும் பழசாகவே பிறக்கிறது. எனவே இந்த வகையில் குறைந்த எண்ணிக்கையில் வாங்குவதே சரி. ஆனால் வாங்குபவர் விமானத்தின் விலையை மட்டும் பேரம் பேசிவிட்டு எழுந்துவிடக் கூடாது. செயற்கைக்கோள் யாருடையது, மறையாக்கச் சாவி யாரிடம் இருக்கும், மென்பொருளில் மாற்றம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றை முதல் பக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். விற்ற நாட்டோடு கசப்பு வரும் நாளில், கூடாரத்தில் நிற்கும் விமானத்தின் பெறுமானம் அந்தச் சாவியைப் பொறுத்தது.

மூன்றாவது வழி கண்ணைக் கவர்வது. 2013 ஜூலை 10 அன்று எக்ஸ்-47பி என்ற ஆளில்லா ஜெட் விமானம், அட்லாண்டிக் கடலில் சென்றுகொண்டிருந்த விமானந்தாங்கிக் கப்பலில் தானாகவே இறங்கியது. இறங்கியதைவிட, அன்று அது இறங்க மறுத்ததையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இன்னொரு முறை கப்பலை நெருங்கியபோது, தன் வழிகாட்டிக் கணினிகளில் ஒன்றில் கோளாறு இருப்பதைத் தானே கண்டுகொண்டு, விலகிப் போய்க் கரையிலுள்ள வாலப்ஸ் தீவு ஓடுதளத்தில் பத்திரமாக இறங்கியது. தொடர்போ கருவியோ கெட்டால் என்ன செய்யும் என்ற என் முதல் கேள்விக்கு இதுவரை நான் பார்த்த விடைகளில் சிறந்தது இதுதான். 2015-இல் அது வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டும் காட்டியது. அதற்குப் பின்னும் அமெரிக்கக் கடற்படை அதைப் போர் விமானமாக வளர்க்கவில்லை; அந்த அனுபவத்தை, மற்ற விமானங்களுக்கு எரிபொருள் சுமக்கும் எம்.க்யூ-25 என்ற ஆளில்லா விமானத்துக்குத் திருப்பிவிட்டது. உலகின் மிகப் பெரிய பாதுகாப்பு நிதியை வைத்திருக்கும் நாடே இப்படித் தயங்கிப் பின்வாங்கிய இடத்தில், அதன் நிதியில் சிறு பங்குகூட இல்லாத நாடுகள் முதலிலிருந்து தொடங்க நினைப்பது துணிச்சலா, கணக்குத் தெரியாமையா என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்போது பேச்செல்லாம் ஆளுள்ள விமானத்தோடு கூடப் பறக்கும் துணை விமானத்தைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் கோஸ்ட் பேட் 2021-இல் பறந்தது. அமெரிக்கா 2024-இல் இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மாதிரிகள் 2025-இல் பறந்தன. பிரிட்டன் தன் மொஸ்கிட்டோ திட்டத்தை முதல் பறப்புக்கு முன்பே 2022-இல் நிறுத்திக்கொண்டது. ஒரு போர் விமானத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் துணை விமானம் கிடைக்கும் என்பது அமெரிக்கத் தரப்பு வைத்த இலக்கு. அது எட்டப்பட்டாலும், இழந்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போகக்கூடிய விலையாக அது மற்ற நாடுகளுக்கு இருக்காது. விலைமிக்க பொருளைக் களத்துக்கு அனுப்பும் தளபதி அதை ஆபத்தில் விடத் தயங்குவார். தயங்கினால், ஆபத்தான வேலைக்கென்றே செய்த விமானம் கூடாரத்தில் நிற்கும்.

இதன் மூளையான மென்பொருளின் நிலை அவ்வளவு மோசமில்லை. 2020 ஆகஸ்டில் நடந்த ஒரு போட்டியில் செயற்கை நுண்ணறிவு, அனுபவமிக்க எஃப்-16 விமானியை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றது. அது கணினிக்குள் நடந்த சண்டை. எதிரி எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறான் என்பது பிழையின்றி அந்த நிரலுக்குத் தரப்பட்டிருந்தது. மேகமும் புகையும் பொய்ச் சமிக்ஞையும் கலந்த வானில் அந்தத் தகவலைப் பெறுவதுதான் போரின் பாதி வேலை. பிறகு எக்ஸ்-62 என்ற மாற்றியமைத்த எஃப்-16 விமானத்தில், பாதுகாப்புக்கு விமானிகளை உட்காரவைத்துக்கொண்டே உண்மையான வானில் இதைச் சோதித்தார்கள். சிறிய நாடுகளுக்குப் பொருந்தும் முன்மாதிரி இதுவே: புதிய விமான உடலைச் செய்வதில் பணத்தைக் கரைக்காமல், கைவசமுள்ள பயிற்சி விமானம் ஒன்றில் மென்பொருளை ஏற்றி வளர்ப்பது.

நான்காவது வழியில் என் இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை வேறெந்த வழியிலும் கிடைக்காது. ஈரானில் பிறந்த ஷாஹெத்-136 சுமார் 200 கிலோ எடையுள்ளது; மெதுவாகப் பறப்பது; விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை என்று மதிப்பிடப்படுகிறது. அதைச் சுட ஒரு பேட்ரியட் ஏவுகணையைச் செலவழித்தால் போவது சுமார் 40 லட்சம் டாலர். 2023-இல் உக்ரைன் மாதந்தோறும் ஏறத்தாழ 10,000 ட்ரோன்களை இழந்துவந்தது என்று லண்டனின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ரூசி கணித்தது. அவ்வளவு இழந்தும் போரைத் தொடர முடிந்தது என்பதே செய்தி. இழப்பதற்கென்றே செய்த பொருளை இழப்பது யாருக்கும் அதிர்ச்சி தருவதில்லை.

முதல் கேள்விக்கு இந்த வழி தரும் விடை விந்தையானது. ரேடியோ அலையை எதிரி முடக்கத் தொடங்கியதும், 2024 முதல் இரு தரப்பிலும் கண்ணாடியிழைக் கம்பியை அவிழ்த்துவிட்டபடியே பறக்கும் ட்ரோன்கள் பெருகின. சிறு சுருளொன்றை வயிற்றில் கட்டிக்கொண்டு, தலைமுடி அளவு மெல்லிய இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே போகும் அதை எந்த அலைமறிப்புக் கருவியாலும் தடுக்க முடியாது. மரக்கிளையில் சிக்கினால் அறுந்துபோகும். சண்டை முடிந்த வயல்களில் அந்த இழைகள் சிலந்தி வலைபோல் வெயிலில் மின்னிக்கிடக்கின்றன. பல கோடி டாலர் திட்டங்கள் பல ஆண்டுகளாகத் தேடிய விடையை, பட்டறைகளில் உட்கார்ந்தவர்கள் ஒரு சுருள் கம்பியில் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

இதிலும் மயங்கிவிடக் கூடாது. இவை எதிரியின் போர் விமானத்தை இடைமறிக்காது. வெகுதொலைவிலுள்ள கடற்படைக் கப்பலைத் தேடிப் போகாது. கனமான குண்டைச் சுமக்காது. முக்கியமாக, இவற்றை வாங்கிக் கிடங்கில் அடுக்கிவைப்பது வீண். எந்த அலைவரிசையில் இயங்குவது என்பதே சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும் களத்தில், ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய 10,000 ட்ரோன்கள் 10,000 பொம்மைகள். வாங்க வேண்டியது உற்பத்தித் திறனை: மோட்டாரும் மின்கலமும் சிப்பும் வேறொரு நாட்டின் துறைமுகத்தை நம்பியிராத தொழிற்சாலைகளை, களத்திலிருந்து வரும் புகாரை அடுத்த வாரமே மாற்றமாக்கும் பொறியாளர்களை.

தொடர்பு அறுந்தாலும் தானே இலக்கைத் தேர்ந்து கொல்லும் அதிகாரத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் என் முதல் கேள்வியே மறைந்துவிடுமே என்று சிலர் வாதிடுவார்கள். 2014 முதல் ஜெனீவாவில் நாடுகள் பேசிக்கொண்டிருக்கும் பொருள் அது. அறத்தை ஒருகணம் ஒதுக்கிவைத்தாலும், உருஸ்கானில் மனிதர்கள் பல மணி நேரம் பார்த்தும் தவறவிட்ட வேறுபாட்டை, நொடியில் முடிவெடுக்கும் நிரல் பிடித்துவிடும் என்று நம்ப எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. நகராத ரேடார் நிலையத்தைத் தாக்க அந்த அதிகாரம் போதலாம்; வாகனங்களும் மனிதர்களும் கலந்து நடமாடும் சாலையில் போதாது.

ஆகவே என் பங்கீடு இது. ஆளுள்ள போர் விமானப் பிரிவுகளைக் குறைக்காமல் காப்பது. நடுத்தர உயர ட்ரோன்களைக் கடல் கண்காணிப்புக்குத் தேவையான அளவு மட்டும், சாவியோடு வாங்குவது. ஆளில்லா ஜெட் விமானத்தின் உடலை இப்போது தொடாமல் அதன் மென்பொருளை மட்டும் பயிற்சி விமானங்களில் வளர்ப்பது. புதிதாகக் கிடைக்கும் உருவாக்க நிதியில் பெரும்பகுதியை மலிவான ட்ரோன்களின் தொழிற்சாலைகளுக்கும் அவற்றைத் தடுக்கும் கருவிகளுக்கும் கொடுப்பது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். ஏற்புச் சோதனை நாளில், தயாரித்தவருக்கு நேரம் சொல்லாமல், விமானம் நடுவானில் இருக்கும்போது வாங்குபவரின் ஆளே தரை நிலையத்தின் தொடர்பையும் செயற்கைக்கோள் வழிகாட்டியையும் ஒன்றாகத் துண்டிக்கட்டும். விமானம் எங்கே போய் இறங்குகிறது என்பதைப் பார்த்தபிறகு முதல் தவணையைக் கொடுக்கலாம்.